வீட்டின் ராத்திரியைச் சரிசெய்வது எப்படி? கைக்குழந்தை முதல் தாத்தா வரை தூக்கமும் மனநலமும்

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆசிரியையாக இருக்கிறேன். முதல் பீரியடிலேயே டெஸ்க்கில் தலை கவிழ்ந்துவிடும் பிள்ளைகளை வருஷம் தவறாமல் பார்க்கிறேன். ஆரம்பத்தில் அவர்களை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என் எண்ணத்தை மாற்றியவன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் வகுப்பில் தூங்கவே மாட்டான். ஓர் இடத்தில் உட்கார மாட்டான், பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், சின்னப் பேச்சுக்கெல்லாம் அழுதுவிடுவான். "சேட்டைக்காரன்" என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் அவனுடைய ஆயாவை, அதாவது பாட்டியை, வரச்சொல்லிப் பேசினேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, அவர்கள் வீடியோ காலில் வருவது ராத்திரி பத்தரைக்கு மேல். பேசி முடித்ததும் போன் பையன் கையிலேயே இருக்கும். "நான் கண்ணசந்துடுவேன் டீச்சர், அவன் எப்பத் தூங்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பெற்றோரிடம் போனில் பேசினேன். வேலைக்குக் கிளம்புமுன் காலையில் பேசுவதாக மாற்றிக்கொண்டார்கள். ராத்திரி 9 மணிக்குப் போன் ஆயாவின் தலைமாட்டுக்குப் போனது. மூன்றாவது வாரம் அழுகை நின்றது. கிள்ளுவது நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. கணக்கில் அவன் இன்னும் திணறுகிறான், ஆனால் உட்கார்ந்து திணறுகிறான்.

அதன்பிறகு எந்தப் பிள்ளையைப் பற்றி யார் குறை சொன்னாலும் முதலில் ராத்திரியைப் பற்றித்தான் கேட்கிறேன். பிள்ளையின் தூக்கம் பிள்ளையோடு நிற்பதில்லை. அப்பாவின் ஷிப்ட், அம்மாவின் வேலை, தாத்தாவின் இருமல், டிவியின் சத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை ஒருவருக்காக எழுதாமல் ஒரு வீட்டுக்காக எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, பசி மாதிரி ஏறிக்கொண்டே போவது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. தூங்கினால்தான் அது குறையும். டீ, காபியில் உள்ள காஃபின் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் தூக்கம் வருவது தெரியாமல் போகிறது. இரண்டாவது விசை உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அது தினமும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டிய பிறகு மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் விதத்தை 1982ல் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ல் நோபல் பரிசு கிடைத்தது.

ராத்திரி முழுவதும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரியவர்களுக்குச் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பிள்ளைகளின் வளர்ச்சி ஹார்மோன் பெரிதும் சுரப்பது அப்போதுதான். விடியற்காலைச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம், அப்போது மூடிய இமைக்குள் விழி வேகமாக ஓடும். அன்றைய நாளில் மனசை உலுக்கிய விஷயங்களின் சூடு ஆறுவதிலும், படித்தது நிலைப்பதிலும் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 4 மணிக்கு ஒரு பிள்ளையை எழுப்பினால் அதிகம் வெட்டுப்படுவது இந்தக் கனவுத் தூக்கம்தான்.

தூக்கம் குறைந்த மூளையில் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகத் துடிக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் நெற்றிப்பகுதி மூளையின் பிடி தளர்கிறது. பெரியவர்கள் இதில் சோர்ந்து போவார்கள், எரிந்து விழுவார்கள். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் துள்ளுவார்கள், அடம் பிடிப்பார்கள், கவனம் சிதறும். தூக்கம் போதாத பிள்ளையைக் கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளை என்று நினைத்துவிடுவது எளிது.

மனசு கெட்டால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டாலும் மனசு கெடும். பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்திருக்கிறது.

படி 1: 14 நாள் நோட்டு

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தினமும் காலையில் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: படுத்த நேரம், சுமாராகத் தூங்கிய நேரம், நடுவில் எத்தனை தடவை எழுந்தது, காலையில் எழுந்த நேரம். பகலில் தூங்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு வரி: "இன்று மூன்று தடவை அழுதான்", "மாமியாரோடு சண்டை", "தலைவலி" என்று எது நடந்ததோ அது.

நோட்டை முடிக்கும்வரை எதையும் மாற்றாதீர்கள். ஓடிப்போய்க் கடிகாரமும் பார்க்க வேண்டாம், சுமாரான நேரம் போதும். 14 நாள் முடிந்து பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய ராத்திரி யாருடைய ராத்திரியைக் கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். என் வகுப்புப் பெற்றோர்கள் இந்த நோட்டை எழுதிப் பார்த்து, தாங்களாகவே பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

படி 2: எத்தனை மணி நேரம் என்று ஒப்பிடுங்கள்

ஒரு நாளில், பகல் தூக்கத்தையும் சேர்த்துத் தேவைப்படுவது இவ்வளவு:

- பிறந்த குழந்தை: 14 முதல் 17 மணி நேரம்
- 4 மாதம் முதல் 1 வயது: 12 முதல் 16
- 1 முதல் 2 வயது: 11 முதல் 14
- 3 முதல் 5 வயது: 10 முதல் 13
- 6 முதல் 12 வயது: 9 முதல் 12
- 13 முதல் 18 வயது: 8 முதல் 10
- பெரியவர்கள்: குறைந்தது 7
- 65 வயதுக்கு மேல்: 7 முதல் 8

நான் கேட்டவரையில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில்தான் பள்ளம் பெரிதாக இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை 11 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழுந்தால் பெரியவருக்குரிய கீழ்மட்ட அளவுதான் அதற்குக் கிடைக்கிறது. தினமும் இரண்டு மணி நேரக் கடன், வாரத்தில் 14 மணி நேரம்.

படி 3: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

எல்லோரும் படுக்கும் நேரத்தில் தொடங்குகிறார்கள், அது நடக்காது. தூக்கம் வராத பிள்ளையை 9 மணிக்குப் படுக்க வைத்தால் சண்டைதான் வரும். எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. அதை முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் வையுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். வாசல் தெளிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பால் வாங்கப் போவது எதுவாக இருந்தாலும் சரி. மேகம் மூடிய நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டுக்குள் இருக்கும் டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

காலை நேரம் நிலைத்தபின், படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒரு தடவை 15 நிமிஷம் முன்னால் கொண்டு வாருங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரத்தை இழுக்க முடியாது.

படி 4: கடைசி இரண்டு மணி நேரம்

டீ விஷயத்தை முதலில் சொல்கிறேன். நம் பக்கம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் டம்ளரில் டீ ஊற்றித் தருகிறோம். காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே பெரியவர்களுக்கு 5 மணி நேரம்போல ஆகும். பிள்ளைகளுக்கு டீ தேவையே இல்லை. பெரியவர்கள் பகல் 3 மணியோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

போனைப் பற்றி எவ்வளவோ சொல்லியாகிவிட்டது. வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடுகிறது என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல், அடுத்த வீடியோ, அடுத்த வீடியோ என்று முடிவே இல்லாமல் போவது. ராத்திரி வீட்டில் எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜ் இடம் வையுங்கள், படுக்கும் அறைக்கு வெளியே. அப்பாவின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். பெரியவர் கையில் போன் இருக்கும்வரை பிள்ளை கேட்காது.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகள் நிறைய. தனி அறை வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்கை அணைக்கும் நேரம் ஒன்று, டிவியை நிறுத்தும் நேரம் ஒன்று, இவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் கொசுவலை கட்டிப் படுப்பது நல்ல யோசனை. உடம்பின் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும்.

ஊரில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் பிள்ளைகளை விரட்டி விரட்டித் தூங்க வைக்காதீர்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த ராத்திரியைப் பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்காது. மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, அடுத்த காலை வழக்கமான நேரத்துக்கு எழுப்பிவிட்டால் போதும். தினமும் 11 மணி வரை விழித்திருப்பதுதான் கெடுக்கிறது.

படி 5: வயதுக்கேற்ப மாற்றுங்கள்

*கைக்குழந்தை.* பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி கனவுத் தூக்க வகை. முனகும், முகம் சுளிக்கும், கைகால் துடிக்கும். அது விழித்துக்கொண்டது என்று நினைத்து உடனே தூக்காதீர்கள், ஒரு நிமிஷம் பாருங்கள். உடம்புக் கடிகாரம் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். பகலில் பேச்சும் வெளிச்சமும், ராத்திரியில் மங்கலும் அமைதியும் என்று நாம் காட்டினால் சீக்கிரம் பழகும். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தட்டையான கெட்டி விரிப்பில், முகத்தருகே தலையணை, போர்வை எதுவும் இல்லாமல். தூளியில் தாடை நெஞ்சில் மடங்கிக் கிடந்தால் மூச்சுக்குச் சிரமம், அதனால் நீண்ட தூக்கத்துக்குத் தரைப் படுக்கைதான் நல்லது. தூங்க வைப்பதற்காக இருமல் மருந்து ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். உயிருக்கே ஆபத்து.

*குழந்தை பெற்ற தாய்.* பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சாப்பாடு பார்த்துப் பார்த்துத் தருகிறோம். தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாளில் ஒரு தடவையாவது நாலைந்து மணி நேரம் தொடர்ச்சியாக அவர் தூங்க வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்வது கணவருக்கும் பாட்டிக்கும் உள்ள வேலை. ஓர் எச்சரிக்கை: குழந்தை தூங்கினாலும் தாயால் தூங்க முடியவில்லை, பேச்சு மாறுகிறது, இல்லாதது காதில் கேட்கிறது, காரணமில்லாமல் சந்தேகப்படுகிறார் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் இந்தத் தீவிர மனநோய் 1,000 பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் சில வாரங்களில். சீக்கிரம் வைத்தியம் பார்த்தால் நன்றாகக் குணமாகும். பேய் பிடித்தது என்று நாள் கடத்தினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

*ஒன்று முதல் ஐந்து வயது.* இந்த வயதில் மதியத் தூக்கம் அவசியம். அங்கன்வாடியில் சாப்பாட்டுக்குப் பின் படுக்க வைப்பதை "படிப்புச் சொல்லித் தருவதில்லை" என்று குறை சொல்லாதீர்கள். அந்தத் தூக்கத்தில்தான் காலையில் கற்ற சொற்கள் மனசில் பதிகின்றன. ராத்திரியில் ஒரே வரிசை இருக்கட்டும்: கை கால் கழுவுவது, சாப்பாடு, கதை, விளக்கு அணைப்பது. வரிசை மாறாமல் இருந்தால் பிள்ளை அடுத்தது என்ன என்று தெரிந்து அமைதியாகும்.

சில பிள்ளைகள் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழும், கண் திறந்திருக்கும், நம்மை அடையாளம் தெரியாது, காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிப்பதால் வருவது இது. தூக்கம் போதாத நாட்களில் அதிகமாக வரும். எழுப்ப வேண்டாம், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டுங்கள். கூடவே அரை மணி நேரம் முன்னால் படுக்கவும் வையுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது. அதைச் சரிசெய்தால் பகல் நேர அடமும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதும் குறைய வாய்ப்புண்டு. பயிற்சிக்குப் போகும் இடத்தில் தூக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

*ஆறு முதல் பன்னிரண்டு வயது.* என் மகளுக்கு ஆறு வயதில் குறட்டை வரும். "அசந்து தூங்குகிறாள்" என்று நானும் என் கணவரும் சந்தோஷப்பட்டோம். வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தூங்குவாள், தலையணை வேர்வையில் நனையும். நின்றுபோயிருந்த படுக்கை ஈரம் திரும்ப வந்தது. காலையில் எதைச் சொன்னாலும் கத்தல். நான் அவளை அடித்தும் இருக்கிறேன். எட்டு மாதம் கழித்துத்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கி, ராத்திரியில் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதத்தில் குறட்டையும் போனது, கத்தலும் போனது. பிள்ளை வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் குறட்டை விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். நான் இழந்த எட்டு மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

படுத்தவுடன் காலை உதறிக்கொண்டே இருக்கும் பிள்ளையையும் கவனியுங்கள். "கால் குடையுது" என்று சொல்லும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இது வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது.

*பதின்ம வயது.* இங்கேதான் பிள்ளைகளுக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வயசுக்கு வரும் காலத்தில் உடம்புக் கடிகாரம் தானாகப் பின்னால் நகர்கிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம் வரைகூட. 9 மணிக்குத் தூங்கிய பிள்ளைக்கு 11 மணி வரை தூக்கம் வராது. அது திமிர் இல்லை, சோம்பலும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லேயே, இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடுதியோடு கூடிய பள்ளிகள் நிறைய. சில இடங்களில் ராத்திரி 11 மணி வரை படிப்பு, காலை நாலரைக்கு மணி. ஐந்தரை மணி நேரத் தூக்கம். ராத்திரி படித்தது நிலைப்பதே தூக்கத்தில்தான். அதை வெட்டிவிட்டுக் கூடுதலாக ஒரு மணி நேரம் படிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. விடுதியில் சேர்க்கும்முன் கட்டணத்தைக் கேட்பதுபோல் விளக்கணைக்கும் நேரத்தையும் எழுப்பும் நேரத்தையும் கேளுங்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசுங்கள், தனியாகப் போனால் காது கொடுக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு 10:30 முதல் 6:30 வரை என்று வைத்தால் 8 மணி நேரம் கிடைக்கும். பரீட்சை மாதத்திலும் அதைத் தொடாதீர்கள்.

பெண்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். அதே வீட்டில் அண்ணன் ஏழு மணி வரை தூங்குகிறான். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

இந்த வயதில் பலர் பயந்துபோய்ச் சொல்லும் ஒன்று: விழிப்பு வருகிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. அமுக்குவான் பேய் என்போம். கனவுத் தூக்கத்தில் நாம் கனவுக்கேற்ப எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்வு விலகுமுன் மூளை விழித்தால் இப்படி ஆகும். சில நொடியிலிருந்து ஓரிரு நிமிஷத்தில் போய்விடும். தூக்கம் கெட்ட வாரங்களில், மல்லாந்து படுக்கும்போது அதிகம் வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

பதின்ம வயதில் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் சேர்ந்து வருவது உண்டு. பிள்ளை ராத்திரியெல்லாம் விழித்திருந்து, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோல் பேசினால் திட்டவும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள், தனியாக விடாதீர்கள், மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

*வேலைக்குப் போகிறவர்கள்.* ஓசூர் கம்பெனிகளில் ஏ, பி, சி ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு முழுமையான தீர்வு கிடையாது, சேதத்தைக் குறைக்கலாம். காலை ஷிப்டிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மாறினால் உடம்பு தாங்கும், தலைகீழாக மாறினால் திணறும். ஷிப்ட் போடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். இரவு வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டுங்கள். அந்த நேரத்தில் அழைப்பு மணி, மிக்ஸி, விருந்தாளி எதுவும் வேண்டாம் என்று வீட்டார் முடிவெடுக்க வேண்டும். மருமகள் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்கினால் அதைக் குறை சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும். அவருடைய ராத்திரி அது.

தேன்கனிக்கோட்டை, தளி, மாரண்டஅள்ளிப் பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்குக் காவலாகப் பரணில் விழித்திருப்பவர்கள் இரண்டு மாதம் சரியாகத் தூங்குவதில்லை. அந்த மாதங்களில் வீட்டில் சண்டையும் குடியும் கூடுவதை அவர்களே சொல்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தொடர்ந்து நாலு மணி நேரமாவது தூங்கி, மிச்சத்தை மதியம் தூங்கலாம்.

லாரி, வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்வேகம் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். கண் இழுத்தால் தொப்பூர் கணவாய் இறங்குமுன் ஓரமாக நிறுத்தி 20 நிமிஷம் தூங்குங்கள்.

"குடித்தால்தான் தூக்கம் வருகிறது" என்பவர்களுக்கு: மது கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், குறட்டையையும் கூட்டும். காலையில் வரும் எரிச்சலுக்கும் மனபாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாள்பட்டுக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

*வயதானவர்கள்.* தூக்கம் லேசாகும், சீக்கிரம் வரும், சீக்கிரம் கலையும். 8 மணிக்குப் படுத்தவர் 3 மணிக்கு விழித்தால் 7 மணி நேரம் ஆகிவிட்டது, அது நோய் இல்லை. படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளுங்கள், சாயங்கால வெயிலில் திண்ணையில் உட்கார வையுங்கள், மதியத் தூக்கம் அரை மணி நேரத்தோடு நிற்கட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் சளி மாத்திரையும் அவர்களுக்குத் தடுமாற்றம், மறதி, விழுந்து இடுப்பு முறிதல் வரை கொண்டுபோகும். ஆனால் பல மாதமாகப் போடும் தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் போனால் பிரஷர் மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். 2021ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே தூக்கத்தைப் பற்றியும் சொல்லலாம்.

பகல் ராத்திரி தெரியாமல் திடீரென்று உளறத் தொடங்கினால் "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புக் குறைவு எதுவாகவும் இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. கனவில் நடப்பதுபோலவே கத்தி, உதைத்து, கையை வீசுபவரை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷம் முன்பே வரும் அடையாளமாக அது இருக்கலாம்.

படி 6: படுத்தும் தூக்கம் வராவிட்டால்

சுமார் 20 நிமிஷம் ஆகியும் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவது, துணி மடிப்பது என்று ஏதாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். எத்தனை தடவை ஆனாலும் இதே முறைதான். புரண்டு புரண்டு படுத்தால் பாயைப் பார்த்தாலே மனசு விழித்துக்கொள்ளும்படி பழகிவிடும், அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இது. மணி பார்க்காதீர்கள். எந்நேரம் தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். கடன், மகள் கல்யாணம் என்று ராத்திரியில் வரிசையாக வரும் கவலைகளைச் சாயங்காலம் 6 மணிக்கே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நாளை செய்யும் ஒரு வேலையையும் எழுதுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இந்த வகைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ல் சொன்னது.

படி 7: எப்போது டாக்டரிடம்?

வாரத்தில் மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதம் தூக்கமில்லை என்றால் போக வேண்டும். விடியுமுன் 3 மணிக்கு விழித்து, மனசு இருண்டு, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் பெருகி, நாலைந்து நாளாகத் துள்ளுகிறவரும் நலமாக இல்லை, அது மனநோயின் இன்னொரு முகமாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவருக்கும் பரிசோதனை தேவை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். வட்ட மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரில் இருக்கும் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை தூரமில்லை. ராத்திரியில் உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

போகும்போது 14 நாள் நோட்டையும், போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை, மூச்சுத் திணறல், உளறல் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.